கை படாத எஞ்சின்

ஒரு காட்டில் இரண்டு வாடகைக் கார்கள் இருந்தன. மிருகங்கள் பேசுவதை ஒத்துக்கொள்கிறவர்கள் கார்களையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒன்று கரடி மருதாசலத்துடையது. மற்றது காட்டுப்பன்றி சென்னியப்பனுடையது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒரே வெள்ளை. வெள்ளை என்பது வாங்கியபோது சொன்னது. இப்போது இரண்டும் வெற்றிலை போடுகிறவர் பல்லின் நிறத்துக்கு வந்திருந்தன. அடிவாரக் காட்டிலிருந்து உச்சிக் காட்டுக்குக் கொண்டை ஊசி வளைவுகளில் பயணிகளை ஏற்றி இறக்கியது இந்த இரண்டும்தான்.

காலையில் முதல் சாவி போட்டதும் இரண்டு கார்களும் ஒரே மாதிரி கத்தும். தகர டப்பாவில் புளியங்கொட்டையைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். காட்டில் அதற்குக் ‘கம்பெனிச் சத்தம்’ என்று பெயர். சத்தம் போடுகிற எதற்கும் அந்தக் காட்டில் ஒரு மரியாதை இருந்தது.

மருதாசலத்துக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். பெண், உச்சிக் காட்டுக் கரடி செங்கமலம். தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எடை போடுகிறவள். அவள் தராசு முன்னால் நின்றால் தேனீக்களே தேனில் தண்ணீர் கலக்கப் பயப்படும். மருதாசலத்துக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. இடையில் அவளுடைய அப்பா இருந்தார்.

“பொண்ணைக் குடுக்கறதுல ஒண்ணுமில்லீங்க” என்றார் அவர். “மாப்பிள்ளைக்கு நிரந்தரமா ஒரு உத்தியோகம் வேணும். கரடியா இருக்கறதெல்லாம் உத்தியோகத்துல சேராதுங்க.”

அந்த நேரம் பார்த்து ஓர் அறிவிப்பு வந்தது. காட்டின் தலைவரான புலிக்கு, சொந்தக் கார் உள்ள ஓட்டுநர் தேவை. நிரந்தரப் பணி. பென்ஷன் உண்டு. விண்ணப்பத்தில் இடது முன்னங்கால் தடம் பதிக்க வேண்டும். செயலாளர் மந்தி சுலோசனா அறைக்கு முன்னால் வரிசை ஆலமரத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. ஆமைகூட நின்றது.

“உனக்குத்தான் வண்டியே இல்லையே?” என்றாள் சுலோசனா.

“முதுகுல இருக்கறது என்னங்க மேடம்?” என்றது ஆமை.

மருதாசலம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு நேராகப் பட்டறைக்குப் போனான். தேர்வுக்கு முன்னால் வண்டியை ஒருமுறை காட்டிவிடலாம் என்பது அவன் எண்ணம். அங்கிருந்துதான் கஷ்டம் ஆரம்பித்தது.

முள்ளம்பன்றி பொங்கியண்ணன் காட்டின் ஒரே மெக்கானிக். ஸ்பேனர்களை முதுகு முள்ளில் மாட்டி வைத்திருப்பார். எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கே தெரியாது, பின்னால் நிற்பவர்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். எதைப் பார்த்தாலும் அது எப்படிக் கெட்டுப்போகும் என்று முதலில் யோசிக்கிற சுபாவம். அதனால் அவரை விசேஷங்களுக்கு யாரும் அழைப்பதில்லை.

அவர் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியில் காதை ஒட்டிக்கொண்டார். “ஸ்டார்ட் பண்ணு” என்றார். கார் கத்தியது. பொங்கியண்ணன் கண்ணை மூடிக் கேட்டார்.

“டைமிங் செயின் இழுபட்டு நீண்டுருச்சு, தம்பி.”

“அது எங்கண்ணா இருக்குது?”

“எஞ்சினுக்குள்ள. வெளியில இருந்து தெரியாது.”

“தெரியாத ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னா நான் எப்படிங்கண்ணா நம்பறது?”

“உங்க குகைக்கு ஒரே வாசல்தான? உள்ள இருந்து நீ ஓடி வர்றே. வெளிய இருந்து உங்கப்பன் ஓடி வர்றான். என்ன ஆகும்?”

“மண்டை ஒடையும்.”

“எஞ்சினுக்குள்ளயும் அதேதான். கீழ இருந்து பிஸ்டன் வரும், மேல இருந்து வால்வு வரும். யாரு எப்ப ஒதுங்கணும்னு சொல்றது அந்தச் செயின். அது அறுந்துச்சு, ரெண்டும் முட்டிக்கும். அப்புறம் எஞ்சினை எடைக்குத்தான் போடணும்.”

“காலையில மட்டுந்தானுங்களே கத்துது?”

“எண்ணெய் மேல ஏறுற வரைக்கும் கத்துது. இன்னும் கொஞ்ச நாள் போனா மத்தியானமும் கத்தும். அப்புறம் கத்தாது.”

“சரியாயிருங்களா?”

“அறுந்துரும்.”

மருதாசலம் வண்டிக்குள்ளிருந்து கம்பெனிப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டினான். ‘இந்தச் செயின் வண்டியின் ஆயுள் முழுவதும் உழைக்கும்’ என்று அதில் அச்சடித்திருந்தது.

“சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார் பொங்கியண்ணன். “செயின் அறுந்த அன்னிக்கு வண்டியோட ஆயுசும் முடிஞ்சுரும். கம்பெனிக்காரன் எங்க பொய் சொன்னான்?”

“அப்ப எப்பத்தானுங்கண்ணா மாத்தறது?”

“ரப்பர் பெல்ட் போட்ட எஞ்சினா இருந்தா தேதி சொல்லுவேன். செயினுக்குத் தேதி கிடையாது, காதுதான். கத்த ஆரம்பிச்சாச்சு, இப்பவே மாத்து. மாத்தறப்ப அதை இழுத்துப் பிடிக்கற டென்ஷனரையும் சேர்த்து மாத்து.”

அப்போது ஹாரனைச் சரிசெய்ய சென்னியப்பன் வந்து சேர்ந்தான். அவன் எஞ்சினிலும் பொங்கியண்ணன் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்த்துவிட்டு அதே கதையைச் சொன்னார்.

“ஓடற வண்டியில கை வெக்கப்படாதுங்கண்ணா” என்றான் சென்னியப்பன்.

“கத்துதே.”

“பாட்டை ஏத்தி வெச்சுக்கறேன்.”

“அறுந்துதுன்னா?”

“அதுக்குத்தானுங்களே முன்னாடி எலுமிச்சம்பழம் கட்டியிருக்குது?”

மருதாசலம் வாகை மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தான். வேலை கிடைத்துவிடுகிறது, தலைவர் பின்சீட்டில் இருக்கிறார், மலையேறும்போது செயின் அறுகிறது. அதற்கு மேல் யோசிக்க அவனால் முடியவில்லை. கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த தேனில் பாதியைப் பொங்கியண்ணனிடம் கொடுத்தான். “மாத்திருங்கண்ணா” என்றான்.

தூசி விழுந்துவிடும் என்று பொங்கியண்ணன் காரைச் சுற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். செய்தி பரவியது. மருதாசலம் எஞ்சினைப் பிரிக்கிறானாம். தார்ப்பாய்க்கு வெளியே ஒவ்வொருவராக வந்து குரலைத் தாழ்த்தி விசாரித்தார்கள்.

“எப்பங்க ஆச்சு?”

“நேத்துப் பார்த்தேனே, நல்லாத்தான போயிட்டிருந்துச்சு?”

“மனசைத் தேத்திக்கோ, மருதாசலம். ஆரு கையில இருக்குது?”

வேலை முடிந்ததும் பொங்கியண்ணன் பழைய செயினை வெளியே கொண்டுவந்து போட்டார். முயல் ஒரு பக்கத்தைப் பிடித்து, மறுபக்கத்தை மரக்கிளையில் மாட்டி, முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தது. செயின் அசையவில்லை.

“இரும்பாட்டம் இருக்குதுங்களே!” என்றது முயல்.

“இரும்புதான்டா” என்றார் பொங்கியண்ணன்.

“இதையா மாத்தினீங்க? நல்லாத்தான இருக்குது?”

அறுந்த செயினாக இருந்திருந்தால் அன்று பொங்கியண்ணனுக்குப் பெயர் கிடைத்திருக்கும். முன்பே கழற்றியதால் அது முழுதாக இருந்தது. முழுதாக இருந்ததால் அவர் ஏமாற்றுக்காரர். கார் என்னவோ மறுநாள் காலை சத்தமே இல்லாமல் கிளம்பியது. கார் ஸ்டார்ட் ஆகவில்லையென்று நினைத்து மருதாசலம் இரண்டாம் முறை சாவியைத் திருகினான்.

தேர்வு நாள் வந்தது. சுலோசனா கடைசிவரை தேறிய இரண்டு கார்களையும் சுற்றி வந்தாள். முன்னால் போய் முகத்தைப் பார்த்தாள். பின்னால் போய் வாலைத் தேடினாள்.

“எஞ்சின் பிரிச்சதா, பிரிக்காததா?”

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன் போல மருதாசலம் நெஞ்சை நிமிர்த்தினான். “பிரிச்சு, புதுச் செயின் போட்டிருக்கேனுங்க மேடம். இனிமே கவலையே இல்லீங்க.”

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. அவனுக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காட்டில் கார் குட்டிக்கரணம் அடித்திருக்கலாம், வெள்ளத்தில் போயிருக்கலாம், இரண்டு முறை திருட்டுப் போய்த் திரும்பி வந்திருக்கலாம். எஞ்சினில் மட்டும் கை பட்டிருக்கக் கூடாது. கார் விற்கிறவர்கள் எல்லோரும் முதல் வார்த்தையாக ‘கை படாத எஞ்சினுங்க’ என்பார்கள். வாங்குகிறவர்கள் பிரேக் இருக்கிறதா என்று அதற்குப் பிறகுதான் கேட்பார்கள்.

“பிரிச்ச எஞ்சினா?” என்றாள் சுலோசனா, பக்கத்தில் நின்ற குட்டியின் காதைப் பொத்திக்கொண்டு. “சரி, ஸ்டார்ட் பண்ணு.”

மருதாசலம் சாவியைத் திருகினான்.

“என்ன, ஸ்டார்ட் பண்ணலியா?”

“ஓடிட்டுத்தானுங்க இருக்குது.”

“சத்தத்தையே காணோமே? உள்ள ஏதோ இல்லை.”

அடுத்து சென்னியப்பன் சாவியைத் திருகினான். புளியங்கொட்டை குலுங்கியது. சுலோசனாவின் முகம் மலர்ந்தது. “ஆகா! கம்பெனிச் சத்தம்.”

வேலை சென்னியப்பனுக்குப் போனது. அன்று மாலையே செங்கமலத்தின் அப்பா போன் பண்ணினார்.

“மாப்பிள்ளை எஞ்சினைப் பிரிச்சுட்டாராமே?” என்றார், ஜெயிலுக்குப் போய் வந்தாராமே என்கிற குரலில். “எங்க வம்சத்துல அந்த மாதிரி யாரும் இல்லீங்க. வேற இடம் பாக்கறோம்.”

நேரில் பேசிப் பார்ப்பது என்று மருதாசலம் மறுநாள் மலையேறினான். அவனுக்கு முன்னால் சென்னியப்பனின் கார் போய்க்கொண்டிருந்தது. பின்சீட்டில் தலைவர் உறக்கத்தில் இருந்தார். பக்கத்தில் சுலோசனா. பாட்டுச் சத்தம் பள்ளத்தாக்கு வரைக்கும் கேட்டது. நேரம் மத்தியானம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் மருதாசலத்தின் காதில் அது விழுந்தது. புளியங்கொட்டை. பொங்கியண்ணன் சொன்ன மத்தியானம் வந்துவிட்டது.

அவன் ஹாரன் அடித்தான். வழி கேட்கிறான் என்று நினைத்து சென்னியப்பன் வேகத்தைக் கூட்டினான்.

வளைவின் நடுவில் புளியங்கொட்டை நின்றது. டமார் என்று ஒரு சத்தம். கார் செத்து, பின்பக்கமாக உருள ஆரம்பித்தது. சென்னியப்பன் பிரேக்கை மிதித்தான், எஞ்சின் நின்றதில் அது கல்லாட்டம் இறுகியிருந்தது. அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். கதவைத் திறந்து வெளியே குதித்தான். திறந்த கதவு ஓரத்து மரத்தில் மாட்டிக்கொண்டது. கார் அங்கேயே நின்றது. ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேலே சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

தலைவர் கண் விழித்தார். “வந்துட்டமா?” என்றார்.

சுலோசனாவுக்குப் பேச்சு வர நேரம் பிடித்தது. வந்ததும் நன்றாகவே வந்தது. “தலைவரே! இந்தச் சென்னியப்பன் உயிரைத் திரணமா மதிச்சு, வெளிய பாய்ஞ்சு, கதவை மரத்துல மாட்டி உங்களைக் காப்பாத்திட்டான்!”

உண்ணிச்செடிப் புதரிலிருந்து எழுந்து வந்த சென்னியப்பன் தன்னைப் பற்றி இப்போதுதான் கேள்விப்பட்டான். அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

மருதாசலம் கயிறு கட்டி அவர்களைச் சத்தமில்லாமல் அடிவாரத்துக்கு இழுத்து வந்தான். வந்து சேர்ந்ததும் தலைவர் அவனைக் கூர்ந்து பார்த்தார்.

“நீ எப்படி உடனே அங்க வந்தே?”

“பின்னாடியே வந்தேனுங்க. செயின் அறுந்துரும்னு எனக்கு முன்னாடியே தெரியுங்க.”

“தெரியுமா?”

“பொங்கியண்ணன் சொன்னாருங்க. அதனாலதான் நான் என்னுதை மாத்தினேன்.”

“அதாவது” என்றாள் சுலோசனா, “அறுந்துரும்னு தெரிஞ்சு உன்னுதை மட்டும் மாத்திக்கிட்டே.”

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. கயிறு அவனுடையது என்பதால் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். சென்னியப்பனுக்கு மாலையும் பதக்கமும் அரசாங்கச் செலவில் புதுக் காரும் கிடைத்தன. அறுந்த செயினைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தலைவர் குகை வாசலில் மாட்டினார்கள். பள்ளிக்கூடக் குட்டிகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போயின.

அத்தோடு இன்னொரு அறிவிப்பும் வந்தது. தலைவர் காருக்கு முன்னால் போகப் பாதுகாப்புக் கார் ஒன்று தேவை. நிரந்தரப் பணி. எஞ்சின் கை படாததாக இருக்க வேண்டும். கம்பெனிச் சத்தம் கட்டாயம்.

மருதாசலம் பட்டறைக்குப் போய், பழைய செயின் கிடந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அண்ணா, அந்தப் பழைய செயினைத் திரும்ப மாட்ட முடியுங்களா?”

பொங்கியண்ணனின் முள்ளெல்லாம் நட்டுக்கொண்டன. இரண்டு ஸ்பேனர்கள் கீழே விழுந்தன. “மாட்டலாம். அதுக்கும் எஞ்சினைப் பிரிக்கணும். அப்புறம் நீ ரெண்டு தடவை பிரிச்சவன். பரவால்லியா?”

மருதாசலம் தரையில் உட்கார்ந்துவிட்டான். அந்த நேரத்தில் செங்கமலம் குறுக்குப் பாதையில் இறங்கி வந்து சேர்ந்தாள்.

“எங்கப்பா பாத்த வேற இடத்தை நான் பாத்துட்டேனுங்க” என்றாள். “பல் வலின்னு சொல்லிட்டு மூணு வருசமா வைத்தியர்கிட்டப் போகாத கரடி. வலி தாங்காமப் போனாத்தான் போவாராம். எங்கப்பாவும் அப்படித்தான். மழை பேஞ்சப்புறம்தான் கூரையைப் பாப்பார். கெடறதுக்கு முன்னாடி யோசிக்கற ஆளை நான் உங்களை மட்டுந்தான் பாத்தேன்.”

“அதுக்குத்தானே வேலை இல்லைங்கறாங்க.”

“யோசிச்சீங்க சரி. அதை எதுக்கு வெளிய சொன்னீங்க?”

அவள் மூலைக்குப் போய்ப் பழைய செயினைக் கையில் எடுத்து, பழக்கதோஷத்தில் எடை பார்த்தாள். சுற்றுலா வந்தவர்கள் காட்டில் விட்டுப்போன பிஸ்கட் டப்பா ஒன்று அங்கே கிடந்தது. செயினை அதற்குள் போட்டு மூடி, ஒருமுறை குலுக்கினாள்.

பொங்கியண்ணனும் மருதாசலமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அச்சு அசல் புளியங்கொட்டை.

“இதை பானெட்டுக்கு அடியில, எஞ்சின் மேல படற மாதிரி தொங்க விடுங்கண்ணா. ஒரு கயிறு கட்டி உள்ள கொண்டு வந்துருங்க. கயித்தை விட்டா கத்தணும். இழுத்தா அடங்கணும்.”

“பிரிச்சது ஊருக்கே தெரியுமே, அம்மிணி?” என்றார் பொங்கியண்ணன்.

“பிரிக்கவே இல்லைன்னு நீங்க சொல்லணும்.”

“தேன் வாங்கியிருக்கேனே?”

“வாங்கிட்டு ஏமாத்திட்டேன்னு சொல்லுங்க.”

“என் பேரு கெட்டுப்போகும்” என்றார் பொங்கியண்ணன்.

“உங்க பேரு முன்னாடியே கெட்டுத்தானுங்கண்ணா கிடக்குது. நாம அதுக்கு ஒரு காரணம் குடுக்கறோம், அவ்வளவுதான்.”

யோசித்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் இருந்தது. அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

தேர்வன்று கூட்டம் முன்னைவிட அதிகம். மருதாசலம் சாவியைத் திருகி, கயிற்றை விட்டான். கார் கத்தியது. கொஞ்ச நேரம் கத்தவிட்டு மெல்ல இழுத்தான். அடங்கியது. சுலோசனா காதை முன்னால் நீட்டினாள்.

“கம்பெனிச் சத்தம்! ஆனா இது பிரிச்ச வண்டியாச்சே?”

“பிரிச்சிருந்தா சத்தம் போயிருக்கணுமேங்க மேடம்” என்று கூட்டத்திலிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. “சத்தம் அப்படியே இருக்குதுன்னா, பிரிச்சதா அர்த்தம் எப்படி ஆகும்?”

எல்லாத் தலைகளும் பொங்கியண்ணன் பக்கம் திரும்பின. அவர் முட்களைச் சுருக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

“பிரிக்கலீங்க மேடம். தார்ப்பாய்க்குள்ள படுத்துத் தூங்கிட்டு, தேனை வாங்கிக்கிட்டேனுங்க.”

“அப்ப போன தடவை சத்தம் வரலியே?”

“எண்ணெயைக் கெட்டியா ஊத்தி அமுக்கி வெச்சிருந்தேனுங்க.”

“காட்டின அந்தச் செயின்?”

“கடையில எப்பவோ கிடந்த பழசுங்க.”

“நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?” என்று முயல் குதித்தது. “செயின் நல்லாத்தான் இருக்குதுன்னு!”

அந்த மனிதர் வாழ்நாளில் சொன்ன உண்மைகள் எதையும் அந்தக் காடு நம்பியதில்லை. முள்ளம்பன்றியை மனிதர் என்றது தவறுதான், ஆனால் அப்போது அவர் முகம் அப்படி இருந்தது. சொன்ன ஒரே பொய்யை இரண்டே கேள்வியில் ஏற்றுக்கொண்டார்கள். “மெக்கானிக்குன்னாலே அப்படித்தான்” என்றாள் சுலோசனா திருப்தியாக. மருதாசலத்தை எல்லோரும் இரக்கத்தோடு பார்த்தார்கள். ஏமாந்தவனுக்கு அந்தக் காட்டில் எப்போதுமே ஓர் இடம் உண்டு. நியமன உத்தரவு அன்றே கைக்கு வந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. செங்கமலத்தின் அப்பா மணமகன் காரைத் தொட்டுக் கும்பிட்டார். “கை படாத எஞ்சின்” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். பொங்கியண்ணனை அந்த ஒரு விசேஷத்துக்கு மட்டும் அழைத்திருந்தார்கள். அவர் பந்தலைப் பார்த்ததும் எந்தக் கால் முதலில் சாயும் என்று சொன்னார். அதுவும் சாய்ந்தது.

அவர் தொழில் அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது. பிரிக்காமலே காசு வாங்குகிற மெக்கானிக் என்று பெயர் வந்துவிட்டதால், யாருடைய மானமும் போகாமல் வண்டியை அவரிடம் விட முடிந்தது. எல்லோரும் விட்டார்கள். அவர் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தார்.

சில மழைக்காலங்கள் போயின. ஒரு சாயங்காலம் காட்டுப்பன்றி சென்னியப்பன் பதக்கத்தோடு பட்டறைக்குள் எட்டிப் பார்த்தான். வெளியே யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணா, புது வண்டியும் கத்த ஆரம்பிச்சிருச்சுங்க. தார்ப்பாய்க்குள்ள ஒரு ரெண்டு நாள் விட்டுட்டுப் போகட்டுங்களா?”

“விட்டுட்டுப் போ.”

“அப்புறம்…” என்று தயங்கினான் சென்னியப்பன். “பிஸ்கட் டப்பா நான் கொண்டு வரணுங்களா, நீங்களே போட்டுக்குடுப்பீங்களா?”

நீதி: டைமிங் செயினைக் கத்த ஆரம்பித்ததுமே மாற்றிவிட வேண்டும், பழைய செயினை மட்டும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.